கடைப் பேரை வெட்டாதீங்க: மர்லின் மன்றோவும் போடி காலண்டரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

2022 மே 9ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஒரு படத்தை ஏலம் விட்டது. 40 அங்குலத்துக்கு 40 அங்குலம். மர்லின் மன்றோவின் முகம். மஞ்சள் முடி, ரோஸ் கன்னம், நீலம் பூசிய இமை. 1964இல் ஆண்டி வார்ஹோல் செய்தது. போன விலை 19.5 கோடி டாலர். அன்றைய கணக்கில் சுமார் 1,500 கோடி ரூபாய். இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று ஏலத்தில் அதுவரை அந்த விலைக்குப் போனதில்லை.

அதே 1960கள்ல நம்ம ஊர்லயும் பிரபலங்களோட முகத்தை அச்சடிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். எம்.ஜி.ஆர், சிவாஜி, காமராஜர், அண்ணா, சரோஜாதேவின்னு யாரையும் விட்டு வைக்கல. சிவகாசியில அச்சாகி, லாரி ஏறி, தமிழ்நாட்டோட கடைசி மலைக் கிராமம் வரைக்கும் போச்சு. வார்ஹோல் அச்சடிச்சதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அதெல்லாம் இப்ப எங்க?

இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தித்தான். பாப் ஆர்ட் பிரிண்ட் சேர்க்கிற பழக்கம் நம்ம நகரங்கள்லயும் வந்தாச்சு. காபி கடைச் சுவர்ல பழைய சினிமா போஸ்டர், வாடகை வீட்டு ஹால்ல பழைய காலண்டர் படம். நானும் சேர்க்கிறேன். அதனால, எதைச் சேர்க்கிறோம், சேர்க்கும்போது எதை வெட்டி எறியறோம்னு கொஞ்சம் பேசலாம்.

வெறும் 250 தாள்

முதல்ல வார்ஹோல். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தார். 1953இல் வந்த ‘நயாகரா’ படத்துக்காக எடுத்த ஒரு விளம்பர போட்டோவை வார்ஹோல் எடுத்துக்கொண்டார். அந்த ஒரே போட்டோவைத்தான் திரும்பத் திரும்ப அச்சடித்தார். முறை ரொம்ப எளிமை. கல்யாணத் தாம்பூலப் பையில மாப்பிள்ளை பொண்ணு பேர் போடுறாங்களே, அதே ஸ்க்ரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி, அதில் பதிந்த உருவம், மேலே மை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக இழுக்கணும். நிறங்கள் கொஞ்சம் விலகி விழும். சிவகாசி அச்சகத்துல அப்படி விழுந்தா வேஸ்ட் ஷீட். வார்ஹோல் அந்த விலகலை வேணும்னே விட்டு வைத்தார்.

1967இல் மர்லின் முகத்தைப் பத்து வேறு வேறு நிறங்களில் தாளில் அச்சிட்டு ஒரு தொகுப்பாக வெளியிட்டார். ஒவ்வொன்றும் 250 பிரதி. பின்பக்கத்தில் பென்சிலால் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பில் வரிசை எண். பிற்பாடு அதே மாதிரி இன்னொரு வகை பிரிண்ட்டும் சந்தைக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில் ‘உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் ஒரு ஸ்டாம்ப் இருக்கும். முன்னால் பார்த்தால் ரெண்டும் அதே முகம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால பிரிண்ட் சேர்க்கிறவங்க படத்தைக் கையில எடுத்ததும் செய்யற முதல் வேலை, திருப்பிப் பார்க்கிறது.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அங்கே ஒரு பிரிண்ட்டோட வரலாறு எண்ணிலயும் கையெழுத்திலயும் இருக்கு. நம்ம தாள்ல ரெண்டுமே கிடையாது. அப்போ நம்ம வரலாறு எங்க எழுதியிருக்கு?

அதே 1967, இங்கே

1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். எம்.ஜி.ஆர் மருத்துவமனையில் இருந்தார். கழுத்தில் கட்டுப் போட்டு அவர் உட்கார்ந்திருக்கும் போட்டோ போஸ்டராகி ஊர் ஊராகப் போனது. பரங்கிமலைத் தொகுதியில் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். நியூயார்க்கில் ஒரு முகம் 250 பிரதியோடு நின்ற அதே வருஷம், இங்கே ஒரு முகம் கணக்கே இல்லாமல் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. மைதாப் பசையில் ஒட்டினது அடுத்த மழையில் போயிருக்கும், இல்லைன்னா அடுத்த போஸ்டருக்கு அடியில் போயிருக்கும்.

இந்த அச்சுப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களைக் கல் அச்சில், அதாவது லித்தோவில், மலிவான தாள் படங்களாக வெளியிட்டார். அரண்மனையில் தொங்கியது சாதாரண வீட்டுக்கும் வந்தது. தெற்கே 1920களில் சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டின்னா லேபிள் வேணும். லேபிள்னா கலர் அச்சு வேணும். அப்படி வளர்ந்த அச்சகங்கள்தான் பிறகு காலண்டருக்கும் போனது. சின்ன லேபிளில் கண்ணைப் பறிக்கிற மாதிரி அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெரிய தாள் கஷ்டமா என்ன?

படம் வரையக் கோவில்பட்டி இருந்தது. சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். போட்டோவுக்கு டச்சப் செய்வதும் அவர் தொழிலில் ஒரு பகுதி. காலண்டர் படங்களில் பின்னால் ஒரு மலை, ஏரி, மாளிகைத் தூண் தெரியும் பாருங்க, அதில் நாடகத் திரைச்சீலையின் வாசனை உண்டு. முகத்தில் அந்த மெழுகு மாதிரியான பளபளப்பு ஸ்டூடியோ போட்டோவின் டச்சப்பை ஞாபகப்படுத்தும். கொண்டையராஜு 1976இல் காலமானார். அவருக்கும் அவருடைய சீடர்களுக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது சாமி படங்கள்தான். ஆனா மக்கள் வீட்டுச் சுவர்ல சாமிக்கும் நடிகருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கல. ஒரே ஆணி வரிசைதான்.

ஆடி 18 ஆல்பம்

இப்ப கதையோட முக்கியமான இடம். காலண்டர் தயாராகிற விதம்.

ஒவ்வொரு வருஷமும் ஆடி 18 அன்னைக்கு சிவகாசியில அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா கடைக்காரங்ககிட்ட போவாங்க. முருகனா, லட்சுமியா, குழந்தையா, தலைவரான்னு கடைக்காரர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். எத்தனை வேணும்னு சொல்வார். படத்துக்குக் கீழ கடையோட பேரு, தெரு, போன் நம்பர் அச்சாகும். மேலே தகரப் பட்டி அடித்து, தேதிக் கட்டை வைத்துத் தைத்தால் காலண்டர் ரெடி.

அதாவது ஒரே எம்.ஜி.ஆர் படம் திருச்சியில ஜவுளிக்கடை பேரோட இருக்கும், பரமக்குடியில மளிகைக்கடை பேரோட இருக்கும், போடிநாயக்கனூர்ல ஏலக்காய்க் கடை பேரோட இருக்கும். முகம் எல்லாருக்கும் பொது. கீழ இருக்கிற நாலு விரல் அகலப் பட்டைதான் இந்த ஒரு தாள் எந்த ஊருக்கு, யார் கைக்குப் போச்சுன்னு சொல்லும். வார்ஹோல் பிரிண்ட்ல இருக்கிற எண்ணும் கையெழுத்தும் செய்யற வேலையை நம்ம காலண்டர்ல கடைப் பேர் செய்யுது.

இன்னைக்கு பிரேம் போடும்போது நாம முதல்ல வெட்டறதும் அதைத்தான். “விளம்பரம்தானே, படம் மட்டும் போதும்”னு. சரி, ஒரு கேள்வி. வார்ஹோல் 1962இல் கேம்ப்பெல்ஸ் சூப் டப்பாவை 32 படமாக வரைந்து லாஸ் ஏஞ்சலஸில் காட்சிக்கு வைத்தாரே, அதில் கம்பெனி பேரை யாராவது வெட்டி எடுத்திருந்தால் என்ன மிஞ்சும்? அவரே விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர்தான். கடைச் சரக்கும் கலையும் ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் பாப் ஆர்ட்டோட விஷயமே. அங்க அதை மியூசியத்துல வச்சுப் பாதுகாக்கிறாங்க. இங்க கத்தரி எடுக்கிறோம்.

குரங்கணியில் ஒரு சுவர்

குரங்கணின்னு சொன்னா உங்கள்ல நிறைய பேருக்கு கொழுக்குமலை ட்ரெக்கிங் ஞாபகம் வரும். 2018 மார்ச் காட்டுத்தீயும், அதில் உயிரிழந்தவர்களும் ஞாபகம் வரும். அந்த ஊருக்கு அதுக்கு முன்னாடியே ஒரு பெரிய கதை இருக்கு. மூணாறு பக்கத்துத் தேயிலை, ஒரு காலத்தில் மலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணி பக்கம் அடிவாரத்துக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகத்துக்குப் போனது. 1924 வெள்ளத்தில் அந்த மலை ரயில் அழிந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய் ஏலத்துக்குப் போடி பேர் போன ஊர். விடிகாலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புகள் மலை ஏறும். சரக்கு கீழே வந்தது. கீழேயிருந்து மேலே போனது அரிசி, மண்ணெண்ணெய், கூடவே காலண்டர்.

போன வருஷம் குரங்கணியில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்தேன். விறகடுப்புப் புகையில் கறுத்த சுவர். வரிசையாக நாலு அட்டை. ஒரு முருகன், ஒரு மாரியம்மன், ஒரு எம்.ஜி.ஆர், ஒரு பென்னிகுவிக். எம்.ஜி.ஆர் நெற்றியில் குங்குமம். தேதிக் கட்டை எப்பவோ தீர்ந்து, தைத்த கம்பி மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தது.

வீட்டுப் பாட்டிகிட்ட கேட்டேன். “தேதி பூராவும் கிழிச்சாச்சு தம்பி. மொகம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார். கீழே கடைப் பேர் பாதி மங்கியிருந்தது. ஏலக்காய் கமிஷன் கடை. “எங்க வீட்டுக்காரரு அங்கதான் மூட்டை தூக்குனாரு. வருசக் கணக்கு முடிக்கிறப்ப மொதலாளி குடுப்பாரு. அம்புட்டு பேருக்கும் குடுக்க மாட்டாரு.” அட்டையைத் திருப்பினால் பேனாவில் பால் கணக்கு. அதுக்கு மேல, ஒரு குழந்தை பிறந்த நேரம்.

யோசிச்சுப் பாருங்க. அந்த மனிதர் அந்தக் கடையில வேலை பார்த்தார் என்பதற்கு வேற என்ன ஆதாரம் இருக்கும்? சம்பளச் சீட்டு கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. இருக்கிற ஒரே அச்சுச் சான்று அந்த நாலு விரல் பட்டை. அதை வெட்டினா எம்.ஜி.ஆர் படம் மிஞ்சும், அந்தக் குடும்பத்தோட கதை போயிடும்.

விலைக்குக் கேட்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. கேட்பதற்குள் பாட்டியே சொன்னார்: “சாமி மாதிரி தம்பி. சாமியை யாரு விப்பா?” முன்பக்கம், பின்பக்கம், கடைப் பேர் என்று மூன்று போட்டோ எடுத்துக்கொண்டேன். படம் அதே ஆணியில் இருக்கிறது.

ஒரு முகம், இரண்டு சின்னம்

இந்த மலையடிவாரத்துல பிரபல முகங்களோட அச்சுக்கு அரசியல் பலமும் உண்டு. 1984 டிசம்பர் தேர்தல். எம்.ஜி.ஆர் உடல்நலம் சரியில்லாமல் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். நின்ற தொகுதி ஆண்டிபட்டி. ஒரு நாள்கூட வந்து ஓட்டுக் கேட்கவில்லை. மருத்துவமனையில் எடுத்த வீடியோ ஊர் ஊராகக் காட்டப்பட்டது. மற்றபடி போஸ்டரும் படமும்தான். ஜெயித்தார். ஆள் வரல, முகம் வந்துச்சு, அது போதுமா இருந்தது.

1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார். கட்சி இரண்டாகப் பிரிந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜெயலலிதா நின்றது போடிநாயக்கனூரில். ஜானகி நின்றது ஆண்டிபட்டியில். இரண்டுமே இன்றைய தேனி மாவட்டம். இரண்டு பக்கமும் மேலே இருந்தது எம்.ஜி.ஆர் முகம்தான். போடியில் ஜெயலலிதா ஜெயித்தார், ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். அடுத்த மாதமே அணிகள் சேர்ந்து இரட்டை இலை திரும்ப வந்தது. சேவலும் புறாவும் சில வாரங்களிலேயே செல்லாக்காசு ஆகிவிட்டன.

இப்ப அந்த 1989 போஸ்டர் ஒண்ணு உங்க கைக்குக் கிடைக்குதுன்னு வைங்க. மேல இருக்கிற முகத்தை மட்டும் அழகா வெட்டி பிரேம் போட்டா, அது எந்த அணி, எந்த வருஷம்னு யாராலும் சொல்ல முடியாது. கீழ இருக்கிற சேவலோ புறாவோதான் அதைச் சொல்லும். அதுக்கும் கீழ பொடி எழுத்துல அச்சகத்தோட பேரு. இந்தியாவில் அச்சாகும் தாளில் அச்சகத்தின் பேரும் ஊரும் இருக்கணும்னு 1867ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருந்தது. பிரிட்டிஷ் அரசு கண்காணிப்புக்காகப் போட்ட சட்டம், இன்னைக்கு நமக்குத் துப்புச் சீட்டு.

பென்னிகுவிக்கின் கோட்டு நிறம்

அந்தச் சுவரில் நாலாவதாக இருந்தவரையும் சொல்லணும். ஜான் பென்னிகுவிக், 1841 ஜனவரி 15இல் பிறந்த ஆங்கிலேயப் பொறியாளர். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையைக் கட்டியவர். தேனி மாவட்டத்தில் டீக்கடை, வீடு, ஆட்டோ என்று எங்கேயும் அவர் முகம் இருக்கும். அவர் பிறந்தநாள் பொங்கலோடு சேர்ந்து வரும், பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்பில் 2013இல் அரசு மணிமண்டபமும் திறந்தது.

அவர் காலத்துப் போட்டோக்கள் கறுப்பு வெள்ளை. ஆனா காலண்டர்ல, பிளெக்ஸ்ல, ஸ்டிக்கர்ல அவர் கலர்ல இருப்பார். நான் ஒரே பயணத்தில் நீலக் கோட்டு, பழுப்புக் கோட்டு, கறுப்புக் கோட்டு மூன்றும் பார்த்தேன். மீசை நிறமும் மாறும். ஒரு போட்டோ, ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு நிறம். வார்ஹோல் மர்லினுக்குச் செய்தது இதுதானே? ஒரே ஒரு வித்தியாசம், இங்கே யாரும் கேலியாகச் செய்யவில்லை. தண்ணீர் கொடுத்தவருக்கு நல்ல சட்டை போட்டுப் பார்க்கிறார்கள்.

சேர்க்கிறதுன்னா என்ன

நம்ம ஊர்ல தூக்கிப் போடற தாளைச் சேர்த்தவர் ஒருத்தர் இருந்தார். செட்டிநாட்டில் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இப்போது தரமணியில் இருக்கிறது. ஒரு நாடக நோட்டீஸில் நாடகத்தின் பேரைவிட, கொட்டகை எங்கே, டிக்கெட் எவ்வளவு என்ற அடிக்குறிப்புதான் ஆய்வாளருக்கு அதிகம் பேசும். அவர் முழுசாக வைத்ததால்தான் அது இன்றைக்கு நம்மிடம் இருக்கிறது.

நீங்க சேர்க்கிறீங்கன்னா சில விஷயங்கள். ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்க. படத்துல ஒழுங்கான புள்ளிகள் சின்னச் சின்னப் பூ மாதிரி தெரிஞ்சா ஆப்செட். ஒழுங்கில்லாத மணல் மாதிரி தெரிஞ்சா பழைய லித்தோவா இருக்கலாம். லேமினேஷன் பண்ணாதீங்க. சூடும் பசையும் தாளைத் தின்னும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. வெயில் படாம, ஈரம் படாம, படுக்க வைங்க. மலைப் பகுதித் தாள்ல பூஞ்சை இருக்கும். மத்ததோட சேர்க்கிறதுக்கு முன்னாடி காய விடுங்க. குங்குமத்தைத் துடைக்காதீங்க, ஆணி ஓட்டையை அடைக்காதீங்க. எந்த ஊர்ல, யார் வீட்டுல, எந்தச் சுவர்ல இருந்ததுன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதி கூடவே வைங்க. வாங்கறதுக்கு முன்னாடி, அது அந்த வீட்டுல இன்னும் வேலை செய்யுதான்னு கேளுங்க. செய்யுதுன்னா போட்டோ போதும்.

ஏன்னா வார்ஹோலோட தாள் எங்க இருந்தாலும் அதோட எண் கூடவே இருக்கும். நம்ம தாளோட எண் ஒரு பாட்டியோட ஞாபகத்துலயும், மங்கிப்போன ஒரு கடைப் பேர்லயும்தான் இருக்கு. அந்தக் கடைகள்ல பாதி இன்னைக்கு மூடியாச்சு. வீடுகள்ல ஓட்டைப் பிரிச்சு கான்கிரீட் போடறாங்க, சுண்ணாம்புச் சுவர் போய் டைல்ஸ் வருது. டைல்ஸ்ல ஆணி அடிக்க முடியாது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சுவரைப் பாருங்க. படம் எடுக்கும்போது முகத்தை மட்டும் ஜூம் பண்ணாதீங்க. கீழ நாலு விரல் சேர்த்து எடுங்க. எடுத்ததை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.